மூன்றாவது தூக்கம்

கண்ணாடிக்குள் உப்பளம் விரிந்துகொண்டே போனது. பாத்தி பாத்தியாக வெள்ளை. அந்த வெள்ளைக்கு மேல் கானல் ஆடியது. கானலுக்குள் ஒருவன் ஓடினான். அவன் காலடிச் சத்தமோ, துரத்துகிறவர்களின் கூச்சலோ எதுவும் கேட்கவில்லை. இந்தக் கண்ணாடிக்குக் கண் மட்டும்தான் உண்டு, காது கிடையாது என்று முதல் நாளே டாக்டர் எஸ்தர் சொல்லியிருந்தார்.

ஏட்டு தவசிமுத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓடியவன் வலது கையில் அரிவாள் இருந்தது. வெயில் பட்டு ஒரு தரம் மின்னியது. நுனி கொஞ்சம் உடைந்த அரிவாள், பிடியில் சிவப்பு ஒயர் சுற்றியிருந்தது.

அது அவர் வீட்டு அரிவாள். தேங்காய் வெட்டவும் முருங்கைக் கிளை கழிக்கவும் வைத்திருப்பது. பின்கட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும். பிடி ஆடுகிறது என்று ஒயரைச் சுற்றியதே அவர்தான். ஆணியை விட்டு அது எந்த உப்பளத்துக்கும் போனதில்லை. இன்றைக்கு சப்-இன்ஸ்பெக்டர் மாதேசனின் தூக்கத்துக்குள் போயிருக்கிறது.

கண்ணாடிக்குக் கீழே கட்டிலில் மாதேசன் தூங்கிக்கொண்டிருந்தான். இருபத்தேழு வயது, தருமபுரிப் பக்கத்துப் பையன். தலையில் மீன்வலை மாதிரி ஒரு தொப்பி. வாய் லேசாகத் திறந்திருந்தது. கனவில் துப்பாக்கி உயர்ந்தபோதும் அவன் மூச்சு மாறவில்லை. கானலுக்குள் ஓடியவன் முகம் குப்புற விழுந்தான்.

ஓடுகிறவனைப் போலீஸ் சுட்டால், சுட்டவர் தூங்க வேண்டும். இதுதான் சட்டம். வந்த புதிதில் ஊரே சிரித்தது. தப்பு செய்தவனைத் தூங்கவைப்பதற்கு ஒரு சட்டமா என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தத் தொப்பியோடு தூங்கினால், சுட்ட அன்றைக்குக் கண் கண்டது அப்படியே கண்ணாடியில் ஓடும். மூன்று நாள், மூன்று தூக்கம். மூன்றும் ஒன்றுபோல வந்துவிட்டால் அதுதான் சாட்சியம், அதற்கு மேல் பேச்சில்லை. ஒன்று மாறினாலும் கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டு, கொலை வழக்காகப் பழைய மாதிரி கோர்ட்டுக்குப் போகும். வாய் பொய் சொல்லும், தூக்கம் சொல்லாது என்று சட்டம் எழுதியவர்கள் மனதார நம்பினார்கள். இப்படித் தூங்கவைக்கும் துயில்கூடம் அரசாங்க அலுவலகம் ஆனதால் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஆகவே நீதி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கண்ணயரும்.

இன்றைக்கு இரண்டாவது தூக்கம். நேற்று வந்ததற்கும் இன்று வந்ததற்கும் மயிரிழை வித்தியாசமில்லை.

டாக்டர் எஸ்தர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"உங்க எழுத்து நல்லா இருக்கு ஏட்டையா."

"என்ன டாக்டர்?"

"வாக்குமூலத்தைச் சொல்றேன். தூங்கறதுக்கு முன்னாடி நீங்க கட்டில் பக்கத்துல உட்கார்ந்து படிக்கிறீங்களே, அது. மத்த ஸ்டேஷன்ல எல்லாம் 'ஆயுதத்துடன் தாக்க முயன்றார்'னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. நீங்க ஒயர் நிறம்வரைக்கும் எழுதறீங்க."

"சட்டத்துலயே இருக்கே டாக்டர், எழுதினவரே படிக்கணும்னு."

"இருக்கு. தூங்கறவரோட மனசைச் சரியான நாளுக்குக் கொண்டுபோக ஒரு கைப்பிடி வேணும்னு வச்சாங்க. வேண்டாம்னு நானும் பத்து வருஷமா எழுதிப் போட்டுட்டிருக்கேன். ஞாபகம்ங்கறது ஈரமான சுவர் மாதிரி. திரும்பத் திரும்பக் கை வச்சா கை அச்சு விழுந்துடும். ஸ்டேஷன்ல எத்தனை தடவை படிச்சுக் காட்டினீங்க?"

தவசிமுத்து நாற்காலியை விட்டு எழுந்தார். நாற்பது நாளாகத் தினம் காலையில் ரோல்கால் முடிந்ததும் மாதேசனை உட்காரவைத்துப் படித்துக் காட்டியிருந்தார். அது அவருடைய ஸ்டேஷனின் நடைமுறை. அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. மாதேசன் அந்தத் தாளைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்ததாகவும் கேள்வி.

வெளியே நடையில் அந்தப் பெண் நின்றிருந்தாள். செத்த பட்டுலிங்கத்தின் அக்கா, சுயம்புக்கனி. உப்பளத்தில் வேலை செய்கிறவள். வெயிலிலும் உப்பிலும் அவள் கால் விரல்களெல்லாம் வெடித்திருந்தன. குடும்பத்தில் ஒருவர் கண்ணாடியைப் பார்க்கலாம் என்று சட்டம் இடம் தந்திருந்தது. தம்பி சாவதை இரண்டு நாளாக இரண்டு தரம் பார்த்துவிட்டாள்.

"ஏட்டையா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"ரோட்டுல ஓடும்போது பட்டுலிங்கம் கால்ல செருப்பு கெடக்கு. வரப்புல வந்து குனியுதான். பாத்திக்குள்ள எறங்கும்போது வெறுங்காலு. கழட்டுன செருப்பு வரப்புல கெடக்கணும்லா? நான் நல்லாப் பாத்தேன். வரப்புல இல்ல. எங்க போச்சு?"



"கனவும்மா. கனவுல அப்படி இப்படித்தான் இருக்கும்."

"அரிவாளு மட்டும் அப்படி இப்படி இல்லாம அவ்வளவு தெளிவா இருக்கே ஏட்டையா."

அவர் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வாங்கிக் குடுத்த புதுச் செருப்பு. போட்டு ரெண்டு நாளு ஆகல. உடம்பத் தந்தீய, சட்டையத் தந்தீய, செருப்ப மட்டும் தரல. களவு போன பம்ப்செட் மோட்டார அவன் எடுத்தானா இல்லையான்னு இனி யாரு சொல்லப் போறா? அது போவட்டும். நாளைக்கும் இதே மாதிரி வந்துட்டா எந்தம்பி காலத்துக்கும் போலீச வெட்ட அரிவாளத் தூக்குனவன்தான். அவன் தேங்காகூட வெட்ட மாட்டான் ஏட்டையா, நாந்தான் வெட்டிக் குடுப்பேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வந்திருக்கும்.

செருப்பு எங்கே போனது என்று அவருக்குத் தெரியும். அளத்துக்காரர்கள் எங்கே வேண்டுமானாலும் செருப்போடு போவார்கள். உப்பு விளையும் பாத்திக்குள் மட்டும் செருப்போடு இறங்க மாட்டார்கள். உப்பில் மண் பட்டால் விளைச்சல் கெட்டது. வரப்பு வந்ததும் ஐந்து வயதுப் பிள்ளையும் யோசிக்காமல் குனிந்து கழற்றும். தவசிமுத்துவின் அப்பா முப்பது வருஷம் உப்பு வாரியவர். இன்றைக்கும் அளத்துப் பக்கம் போனால் தவசிமுத்துவின் கால் பூட்ஸுக்குள் கூசும்.

நாற்பது நாளுக்கு முன்னால் அந்தச் சாயங்காலம் மாதேசன் ஸ்டேஷனுக்கு வந்தபோது அவன் பூட்ஸ் முழுக்க உப்பு. கையில் டீ கிளாஸைக் கொடுத்தால் பாதி கீழே சிந்தியது.

"அண்ணா, மோட்டார் திருட்டு கேஸ்ல விசாரிக்கத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் ஓடினான். திடீர்னு குனிஞ்சான். எதையோ எடுக்கறான்னு நெனைச்சுட்டேங்க. கையில எடுத்துட்டு மறுபடி அந்தப் பக்கமாவே ஓடறான். சுட்டுட்டேன். கிட்டப் போய்ப் பார்த்தா செருப்புங்கண்ணா. வெறும் செருப்பு. உயிருக்குப் பயந்து ஓடறவன் எதுக்குங்கண்ணா நின்னு செருப்பைக் கழட்டுவான்?"

எதற்கென்று தவசிமுத்துவுக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பையன் அங்கேயே உடைந்துபோவான் என்று நினைத்தார். மாதேசன் தினத்தந்திப் பேப்பரில் சுற்றி நூலால் கட்டிய ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தான். அவர் அதைப் பிரிக்காமலே தன் அலமாரியின் அடித்தட்டில் தள்ளினார். இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்து, "ஏட்டு, வழக்கம்போல எழுதிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தவசிமுத்து எழுதினார். அவருடைய எழுத்துக்கு மாவட்டத்திலேயே பேர். ரைட்டராக உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம், அவர் எழுதிய ஒரு தாளும் கோர்ட்டில் திரும்பி வந்ததில்லை. 'ஒன்றரை அடி நீளமுள்ள அரிவாளால்' என்று எழுதியதும் பேனா நின்றது. அடையாளமில்லாத பொய் நிற்காது. கண்ணை மூடினார். பின்கட்டுச் சுவரில் தொங்கியது கண்ணுக்குள் வந்தது. நுனி உடைந்ததையும் சிவப்பு ஒயரையும் எழுதிச் சேர்த்தார். எழுதி முடித்தபோது வெட்கமில்லாமல் ஒரு திருப்தியும் வந்தது.

இரண்டாவது தூக்கம் முடிந்து முகம் கழுவி வந்த மாதேசன், கேன்டீனில் அவருக்கும் சேர்த்து டீ சொன்னான். நாற்பது நாளில் முகம் தெளிந்திருந்தது.

"நல்லாத் தூங்கறேங்கண்ணா இப்போ. அன்னைக்கு ஏதோ செருப்பு கிருப்புன்னு உளறினேனாமே? இன்ஸ்பெக்டர் சொல்லிச் சிரிக்கறார்."

"உங்களுக்கு ஞாபகம் இல்லையா ஐயா?"

"சுத்தமா இல்லைங்க. அந்த அரிவாள்தான் கண்ணு முன்னாடி நிக்குது. அந்த சிவப்பு ஒயர்கூட."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் தவசிமுத்துவைக் கலக்கியது. பொய் சொல்கிறவர்களை அவர் ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார், அவர்களோடு மல்லுக்கட்டத் தெரியும். நிஜத்தைத் தொலைத்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கிறவனை என்ன செய்வது?

திரும்பும் பஸ் உப்பளங்களுக்கு நடுவே போனது. இரண்டு பக்கமும் வெள்ளைக் குவியல்கள் மெதுவாகப் பின்னால் நகர்ந்தன. ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அந்தச் சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தார். டீ சிந்துகிறது. மாதேசன் வாயைத் திறக்கிறான். 'கிட்டப் போய்ப் பார்த்தா அரிவாளுங்கண்ணா' என்கிறான்.

திடுக்கிட்டு நிமிர்ந்தார். மறுபடி முதலிலிருந்து நினைத்தார். டீ சிந்துகிறது, பூட்ஸில் உப்பு, வாய் திறக்கிறது. அரிவாள்.

நாற்பது நாள் படித்துக் காட்டினாரே, படித்த குரல் அவர் காதிலும்தானே விழுந்தது. மாதேசனிடமிருந்து போய்விட்டது. இன்ஸ்பெக்டருக்கு அது ஒரு சிரிப்பு. உலகத்தில் அந்தச் செருப்பு மிச்சமிருந்த ஒரே இடம் தவசிமுத்துவின் தலை. அங்கேயும் உப்பு கரைகிற மாதிரி கரைந்துகொண்டிருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. சஸ்பெண்டுக்குப் பயந்ததில்லை, இந்த அளவுக்கு எதற்கும் பயந்ததில்லை.

ஸ்டேஷனில் இறங்கி அலமாரியைத் திறந்தார். பொட்டலம் அடித்தட்டில் இருந்தது. எடுத்தார். ஒரு கணம் கனத்தது, ஒரு கணம் கனமே இல்லை. பிரித்தால் உள்ளே சிவப்பு ஒயர் சுற்றிய பிடி இருந்துவிடுமோ என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் பிரிக்க விரல் வரவில்லை. அப்படியே துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பின்கட்டில் அரிவாள் ஆணியில் தொங்கியது. அது அன்றைக்குத்தான் உப்பளத்திலிருந்து திரும்பி வந்ததுபோல் இருந்தது.

மறுநாள் மத்தியானம் மூன்றாவது தூக்கம். சுயம்புக்கனி சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எஸ்தர் மாதேசனுக்குத் தூக்க மருந்தைக் கொடுத்துவிட்டு, படிக்கலாம் என்று தலையசைத்தார்.

தவசிமுத்து தாளை விரித்தார். குரல் வழக்கம்போல வந்தது. தேதியைப் படித்தார், நேரத்தைப் படித்தார், உப்பளத்தின் பெயரைப் படித்தார். 'மேற்படி நபர் வரப்பில் குனிந்து' என்று வந்ததும் நிறுத்தினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு தூங்கப்போகும் பையனிடம் பேசுகிறவர் மாதிரி சொன்னார்.

"வரப்பில் குனிந்து செருப்பைக் கழற்றினான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். கையில் வேறு ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்க்காமல் ஓடினான். முதுகில் சுட்டார்கள்."

டாக்டரின் பேனா நின்றது. பெஞ்சில் சுயம்புக்கனி எழுந்து நின்றாள். மாதேசனின் புருவம் சுருங்கியது, உதடு எதையோ சொல்ல முயன்றது, ஆனால் மருந்து அதற்குள் வேலை செய்துவிட்டது.

கண்ணாடி மெல்ல வெளுத்தது. சாலை வந்தது. வரப்பு வந்தது. அவன் குனிந்தான். நிமிர்ந்தபோது கையில் அரிவாள் இருந்தது.

தவசிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது நாள் எழுத்தை நாலு வரி அழித்துவிடுமா என்ன?

"ஏட்டையா, பாருங்க" என்றார் டாக்டர் எஸ்தர்.

அரிவாள் நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கடியில் கிடக்கும் பொருள் மாதிரி அதன் ஓரங்கள் கலைந்தன. சிவப்பு ஒயர் கரைந்து வெள்ளைக்குள் போனது. கானல் விலகியபோது அந்தக் கையில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. நீல வார் போட்ட செருப்பு. அதைக் கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் ஓடினான். வெறுங்கால்கள் உப்பில் சின்னச் சின்னக் குழிகளைப் பதித்துக்கொண்டு போயின.

அவன் விழுந்தான். கண்ணாடியில் பார்வை மெதுவாக நடந்து அவனருகே போனது. நேற்றும் முந்தாநாளும் அது இவ்வளவு கிட்டப் போகவில்லை. விரிந்த விரல்களுக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தது. அதன் அடிப்பாகத்தில், கிழிக்க மறந்த ஒரு வட்டமான மஞ்சள் ஸ்டிக்கர். அதில் எட்டு என்று அளவு போட்டிருந்தது. பார்வை அந்த எட்டின்மேலேயே நின்றுவிட்டது. வெகுநேரம் வேறெதுவும் நடக்கவில்லை.

மாதேசன் கண் விழித்தபோது அழுதுகொண்டிருந்தான். எதற்கு அழுகிறோம் என்று முதலில் அவனுக்கே தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

"செருப்புங்கண்ணா. நான் உங்ககிட்ட அன்னைக்கே சொன்னேனில்லைங்களா?"

"சொன்னீங்க ஐயா. அன்னைக்கே சொன்னீங்க. நான்தான் எழுதல."

"எதுக்குங்கண்ணா அவன் நின்னு கழட்டினான்?"

அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொன்னார். மாதேசன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அந்தப் பையனின் நல்ல தூக்கம் இதோடு போயிற்று என்று தவசிமுத்துவுக்குத் தெரிந்தது. அதைப் பறித்தது சரிதான் என்றும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து வலித்தது.

டாக்டர் எஸ்தர் அவரைத் தனியாக அழைத்தார்.

"மூணாவது மாறிடுச்சு. இனி கண்ணாடி சாட்சியம் செல்லாது, கோர்ட்டுக்குத்தான். ஆனா ஏட்டையா, அங்க வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அரிவாள்னு படிச்சீங்க, அரிவாள் வந்தது. செருப்புன்னு படிச்சீங்க, செருப்பு வந்தது. இது மாதேசனோட ஞாபகமா, உங்க எழுத்தா? எனக்கே சொல்லத் தெரியல."

தவசிமுத்து துணிப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஸ்டிக்கர்னு நான் படிக்கலையே டாக்டர். இதை இன்னைக்கு வரைக்கும் நான் பிரிச்சுப் பாத்ததும் இல்ல. அவர் சுத்தின பேப்பர், அவர் போட்ட முடிச்சு. நீங்களே பிரிங்க."

டாக்டர் நூலை அறுத்தார். பேப்பர் மொடமொடவென்று விரிந்தது. நீல வார் போட்ட செருப்பு, ஒரு ஜோடி. ஒன்றைத் திருப்பினார். வட்டமான மஞ்சள் ஸ்டிக்கர். எட்டு.

 பிறகு டாக்டர் இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். பத்து வருஷத்தில் யாரும் கேட்காததால் ஓரம் மஞ்சளித்திருந்தது.

"வாக்குமூலத்தை எழுதினவரே அதை மறுக்கறதா இருந்தா இதைப் பூர்த்தி பண்ணணும். நடந்ததை எழுதணும். கீழே பொறுப்பானவங்க பெயர். ரெண்டு நாள் யோசிச்சுக்கூட…"

"இப்பவே எழுதிருதேன் டாக்டர். பஸ்ஸுல போனா மறந்துருவேன்."

எழுதத் தொடங்கினார். மேற்படி நபர், தற்காப்பு, எச்சரித்தும் கேளாமல் என்று இருபத்திரண்டு வருஷத்துச் சொற்கள் கை நுனியில் வரிசைகட்டி நின்றன. ஒன்றையும் எடுக்கவில்லை. நாலு சின்ன வரிகள்தான் எழுதினார். அவர் எழுதியதிலேயே மிக மோசமான நடை அதுதான். கீழே பெயர்க் கட்டத்தில் முதலில் மாதேசன் பெயரை எழுதினார். வழக்கம்போல எழுதச் சொன்ன இன்ஸ்பெக்டர் பெயரை எழுதினார். அவற்றுக்குக் கீழே 'தவசிமுத்து, தலைமைக் காவலர்' என்று எழுதி, மற்ற இரண்டையும்விட அழுத்தமாகக் கோடிட்டார்.

"சாட்சி கையெழுத்து வேணும்" என்றார் டாக்டர்.

சுயம்புக்கனி வந்து கையெழுத்துப் போட்டாள். மேஜையில் இருந்த செருப்பைப் பார்த்தாள்.

"இத நான் கொண்டுபோவலாமா ஏட்டையா?"

"இனி இது கோர்ட்டுக்குச் சொந்தம்மா. கேஸ் முடிஞ்சப்புறம் நானே… நான் எங்க இருப்பேன்னு தெரியல. யாராவது கொண்டுவந்து தருவாங்க."

"தொட்டுக்கிடலாமா?"

டாக்டர் தலையசைத்தார். அவள் ஒரு செருப்பை எடுத்துத் திருப்பி, அடிப்பாகத்தை விரலால் தடவினாள். விரலை முகத்துக்கு நேரே பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"உப்பே ஒட்டல ஏட்டையா."

"ஒட்டலம்மா."

"போலீசு துப்பாக்கியோட வெரட்டுதான். அப்பவும் அளத்த அழுக்காக்காமத்தான் ஓடியிருக்கான் எந்தம்பி."

அப்போதுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே செருப்புகள் இரண்டையும் மேஜைமேல் ஒட்டினாற்போல், வாசலில் கழற்றி விடுவதுபோலச் சேர்த்து வைத்தாள்.